எட்டாவது வரிசைக்குக் கீழே

அத்தியாயம் 5

ஏழடி உயரக் கரடி ஒன்றை யார் கண்ணிலும் படாமல் ஒரு கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுபோக எத்தனை வழிகள் இருக்கின்றன என்று அண்ணி தன் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தாள். ஒன்று, வாசல் வழியாக. இரண்டு என்று எண் போட்டுவிட்டுப் பேனாவைக் கடித்தாள்.

“ரெண்டு, கரடியே நடந்து போச்சுன்னு எழுதுங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். “பஞ்சடைச்ச கரடிதான். ஆனா பதினெட்டு வருஷம் இந்த ஆபீசைப் பார்த்துக்கிட்டே நின்னா, செத்ததுக்குக்கூட எழுந்து ஓடணும்னு தோணும்.”

“கொஞ்சம் வாயை மூடிட்டு இருடி. யோசிக்க விடு.”

“நீங்க யோசிக்கிறதுக்கும் என் வாய்க்கும் என்ன சம்பந்தம்? நீங்க என்ன காதாலயா யோசிக்கிறீங்க?”

அருங்காட்சியகத்தின் தாழ்வாரத்தில், டைரக்டரின் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி பதினோரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அச்சகம் மூடிய பிறகு, அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாததால் துப்பறிய வந்தாள். நாத்தனார் அவள் கணவனின் தங்கை. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருந்து, வந்தவர்களைச் சிரிக்க வைத்துச் சிகிச்சையைக் கெடுக்கிறாள் என்று அனுப்பப்பட்டவள். ‘அண்ணி – நாத்தனார் துப்பறியும் நிலையம்’ என்று அவர்கள் மாட்டியிருந்த பலகையைப் பார்த்து, குடும்பச் சண்டை தீர்க்கும் இடம் என்று வந்து உட்காருபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

பெஞ்சின் மறுகோடியில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தவர் அப்படி வந்தவர் இல்லை. இந்த அருங்காட்சியகத்தின் கிடங்குப் பொறுப்பாளர். எல்லோருக்கும் ஸ்டோர் அக்கா. தங்கையின் பிரசவத்துக்காக ஒன்பது நாள் விடுப்பில் போய்விட்டு நேற்றுக் காலை திரும்பினார். திரும்பிய அரை மணி நேரத்தில், கரடியைக் காணோம், நீதான் திருடி என்று ஆகிவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்கு டைரக்டர் போலீஸுக்கான புகாரில் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருட வேலையும் பெயரும் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும்.

கடிகாரத்தில் இரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

அண்ணியின் குறிப்பேட்டில் எந்த வழக்குக்கும் மூன்று பக்கங்கள். முதல் பக்கம் ‘தெரிந்தது’. அடுத்தது ‘தெரியாதது’. மூன்றாவது ‘நான் தப்பாக நினைத்திருக்கலாம்’. இதுவரை எடுத்த ஒன்பது வழக்கிலும் மூன்றாம் பக்கம்தான் முதலில் நிறைந்தது. இந்தக் கரடி விஷயத்தில் முதல் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

கதவு திறந்தது. டைரக்டர் கூப்பிட்டார்.

அறையின் எதிர் மூலையில், குறுக்காக நின்றது ஒரு பெரிய திரை. ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி அழகுபடுத்தியிருந்தார்கள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வரிசை வரிசையாக எழுத்து. எல்லாம் பச்சை. வயல் மாதிரி இருந்தது.

“பார்த்தீங்களா?” என்றார் டைரக்டர். கரடி காணாமல் போன துக்கம் அவர் முகத்தில் ஒரு நொடி விலகிப் பெருமிதம் வந்து உட்கார்ந்தது. “நான் வந்தப்போ பதினாலு பிரிவு, கம்ப்யூட்டர்ல பதினாலு ஷீட்டு. ஒவ்வொண்ணாத் திறந்து பார்க்க எனக்கென்ன இருபது கையா? எல்லாத்தையும் என் ஒரே ஷீட்டுக்குள்ள அடக்கிட்டேன். அவங்க அவங்க ஷீட்டுல போடறது அந்த நிமிஷமே இங்க வந்து நிக்கும். பதினாலு ஷீட்டு, ஒரே பார்வை! போன வாரம்தான் இந்தத் திரை வந்தது. ஒரே நாள்ல மாட்டணும்னேன், மாட்டினாங்க.”

“யாராவது நேர்ல வந்து ஏதாவது சொல்லணும்னா?” என்றாள் அண்ணி.

“சொல்லக் கூடாது. சர்க்குலரே போட்டிருக்கேன். வாயால சொன்னது காத்தோட போயிடும். ஷீட்டுல இருக்கிறதுதான் நடந்தது.”

“பேஷ்,” என்றாள் நாத்தனார். “எங்க வீட்டுல இந்தச் சட்டம் இருந்திருந்தா நான் எவ்வளவு நல்லவளா இருந்திருப்பேன்!”

அண்ணி அவள் காலை மிதித்தாள்.

டைரக்டர் நேற்று நடந்ததைச் சொன்னார். வெளியூரிலிருந்து பார்வையாளர் குழு வந்திருந்தது. பதினோரு பேர். கரடியைக் காட்டுவதற்காக அவரே முன்னால் நடந்து இரண்டாம் கிடங்குக்குக் கூட்டிப் போனார். “இதோ எங்கள் கரடின்னு கையை நீட்டறேன். நீட்டின இடத்துல ஒரு பக்கெட் இருக்கு! குழுத் தலைவர் அதையும் மரியாதையா ஒரு போட்டோ எடுத்துக்கிட்டார்.”

“ஸ்டோர் அக்காதான் எடுத்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?”

“கிடங்குக்குச் சாவி ஒண்ணுதான். அது அந்தம்மா கையில. பூட்டு உடையல. பாருங்க, ஷீட்டுலயே இருக்கு.” திரையில் கிடங்குப் பிரிவின் கட்டத்தைக் காட்டினார். ஐந்தாவது வரிசை: கரடி, நிற்கும் நிலை, ஒன்று, இரண்டாம் கிடங்கு, சரி. எட்டாவது வரிசை: பூட்டுகள் அனைத்தும், சரி. “பூட்டு சரியா இருக்கு, கரடி இல்ல. சாவி வெச்சிருக்கிறவங்களைத் தவிர வேற யாரு?”

கணக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் பிழை திருத்திய கண் சும்மா இருக்காது. அது கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தது. பாதுகாப்புப் பிரிவு, எட்டு வரிசை. தோட்டம், எட்டு. தச்சுப் பட்டறை, எட்டு. துப்புரவு, எட்டு. பதினான்கும் எட்டு.

வெளியே வந்ததும் நாத்தனார் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். “அண்ணி, பீரோவைத் திறந்த மாதிரி ஒரு அந்துருண்டை வாசனை அடிச்சுதே, கவனிச்சீங்களா?”

“அவர் கோட்டு வாசனையா இருக்கும்,” என்றாள் அண்ணி. ஆனாலும் மூன்றாம் பக்கத்தில் ‘கோட்டு?’ என்று எழுதிக்கொண்டாள்.

ஷீட்டுகளைக் கோர்த்தவர் கணினிப் பிரிவு அம்மா. கழுத்துவலிக்காகப் பட்டை மாட்டியிருந்ததால் யாரைப் பார்ப்பதென்றாலும் நாற்காலியோடு சேர்ந்து திரும்பினார். அண்ணிக்காக ஒரு முறையும் நாத்தனாருக்காக இன்னொரு முறையும் திரும்பினார்.

“ஏம்மா, எல்லாப் பிரிவுக்கும் சரியா எட்டு வரிசைதான் வேலை இருக்குமா?” என்றாள் அண்ணி. “துப்புரவுக்கும் எட்டு, தோட்டத்துக்கும் எட்டா? யாருக்கும் ஆறு இல்ல, பதிமூணு இல்ல. அச்சுல இப்படி வந்தா, மீதியை யாரோ வெட்டிட்டாங்கன்னு நாங்க நினைப்போம்.”

கணினி அம்மா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அதற்காகவும் முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தது.

“வெட்டலை மேடம். சார் தன் ஷீட்டுல ஸ்க்ரோல் பண்ணவே கூடாது, எல்லாம் ஒரே பக்கத்துல தெரியணும்னார். பன்னெண்டு வரிசை போட்டேன், எழுத்து எறும்பு மாதிரி ஆயிடுச்சு. பத்து போட்டேன், கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தார். எட்டு போட்டேன், அற்புதம்னார். அதனால ஒவ்வொரு ஷீட்டுலயும் மேல இருக்கிற எட்டு வரிசை மட்டும்தான் அங்க போகும். ‘சரி’ன்னு போட்டா பச்சை, ‘பழுது’ன்னு போட்டா சிவப்பு. தானா மாறும்.”

“ஒன்பதாவது வரிசை?”

“அது அவங்கவங்க ஷீட்டுல இருக்கும்.”

“டைரக்டர் அதைத் திறந்து பார்ப்பாரா?”

“பார்க்க வேண்டாம்னுதானே மேடம் இதைச் செய்யச் சொன்னாரு?”

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்: “அப்போ இந்த ஆபீஸ்ல கெட்ட செய்தியை எங்க வைப்பாங்க?”

கணினி அம்மா பெருமூச்சு விட்டார். “கீழ போடுன்னு சொல்லுவாங்க. எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் தோட்டக்காரர் ஒரு தடவை சிவப்பை மேல போட்டுட்டார். மூணு மணி நேரம் மீட்டிங். அன்னைலேர்ந்து யாரும் அந்தத் தப்பைப் பண்றதில்ல.”

அவர் பாதுகாப்புப் பிரிவின் ஷீட்டைத் திறந்து காட்டினார். எட்டாவது வரிசை: காமிரா பன்னிரண்டும் பொருத்தியாயிற்று, சரி. ஒன்பதாவது: மின் இணைப்பு இன்னும் வரவில்லை, பழுது. தோட்டம், எட்டு: நீரூற்று சுத்தம் செய்யப்பட்டது, சரி. ஒன்பது: நீர் இல்லை, பழுது.

“பொய்யே இல்ல,” என்று வியந்தாள் நாத்தனார். “எல்லாம் உண்மை. என்ன, பாதி உண்மை மாடியில, மீதி கீழ்த்தளத்துல.”

“கிடங்கு ஷீட்டைத் திறங்க,” என்றாள் அண்ணி.

எட்டாவது வரிசை: பூட்டுகள் அனைத்தும், சரி.

ஒன்பதாவது வரிசை: இரண்டாம் கிடங்கு நீங்கலாக. பூட்டு கெட்டு மூன்று மாதம். பழுது.

தாழ்வாரப் பெஞ்சுக்குத் திரும்பி வந்தபோது மணி மூன்றேகால். அண்ணி ஸ்டோர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்சிக்காரரே தன்னிடம் மறைத்தால் மூன்றாம் பக்கத்தில் என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“பூட்டு கெட்டிருக்குன்னு எங்ககிட்ட ஏன் சொல்லலை?”

ஸ்டோர் அக்காவின் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கின. “எப்படிச் சொல்றது மேடம்? பச்சையா இருக்கட்டும்னு நானே என் கையால கீழ போட்டேன். இப்போ பூட்டே இல்லன்னு சொன்னா, மூணு மாசமா ஏன் மறைச்சேன்னு கேட்பாங்க. திருடின்னு போனாலும் வேலை போகும், மறைச்சேன்னு போனாலும் போகும்.” அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். “ஆனா கரடியை நான் எடுக்கல. அதைத் தூக்க நாலு பேர் வேணும். எனக்குத் தோள்பட்டை வலி வேற.”

“கரடி விடறாங்களோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்,” என்று நாத்தனார் அண்ணியின் காதில் சொன்னாள். “ஆனா இந்தம்மா விட மாட்டாங்க. இவங்களுக்கு அதை நகர்த்தவே தெரியாது.”

அண்ணி எழுந்துவிட்டாள். திடீரென்று ஒன்று புரிந்தது. பூட்டில்லாத கிடங்கிலிருந்து யார் வேண்டுமானாலும் கரடியை எடுத்திருக்கலாம். ஆனால் இந்த ஆபீசில் எதைச் செய்தாலும் ஷீட்டில் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் செய்ததாகவே ஆகாது. எடுத்தவன் திருடனாக இருந்தால் எழுதியிருக்க மாட்டான். இங்கே வேலை பார்க்கிறவனாக இருந்தால்?

“எழுதியிருப்பான்,” என்று வாய்விட்டுச் சொன்னாள். “கட்டாயம் எழுதியிருப்பான். கீழ!”

இருவரும் கணினி அறைக்கு ஓடினார்கள். மீதிப் பதினோரு ஷீட்டுகளையும் ஒவ்வொன்றாக, ஒன்பதாவது வரிசையிலிருந்து படித்தார்கள். ஒழுகும் கூரையும், அணையாத விளக்கும், எரியாத விளக்கும், உடைந்த பாம்புக் குப்பியும் அங்கே வரிசையாகக் குடியிருந்தன. மூன்று ஐம்பதுக்குத் தச்சுப் பட்டறையின் ஷீட் திறந்தது. அண்ணி ஒன்பதாவது வரிசையைப் படித்தாள். பத்தாவதைப் படித்தாள். பத்தாவதை விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள்.

“என்ன அண்ணி?”

“தச்சரைக் கூப்பிடு. ஏணியோட வரச் சொல்லு. நான் தப்பா இருந்தா, நாம ரெண்டு பேரும் பின்வாசல் வழியாப் போயிடணும்.”

“நீங்க சரியா இருந்தா?”

“அதை நான் யோசிக்கல.”

நான்கு மணிக்கு டைரக்டரின் மேசையில் புகார்க் கடிதம் இருந்தது, பேனா திறந்திருந்தது. வாசலில் பாதி ஆபீஸ் கூடியிருந்தது. ஸ்டோர் அக்கா சுவரோரமாக நின்றார். தச்சர் ஏணியைத் தோளில் வைத்தபடி, ஏதோ பல்பு மாற்றக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்கிற முகத்தோடு உள்ளே வந்தார்.

“கண்டுபிடிச்சீங்களா?” என்றார் டைரக்டர்.

“ஒரு சந்தேகம் சார்,” என்றாள் அண்ணி. “உங்க ஷீட்டுல இருக்கிறதுதான் நடந்தது, இல்லையா?”

“நிச்சயமா.”

“அதுல கரடி ரெண்டாம் கிடங்குல இருக்கு. இப்பவும் பச்சையாத்தான் இருக்கு. அப்போ கரடி காணாமப் போகவே இல்லயே சார். எதுக்குப் புகார்?”

டைரக்டர் திரையைப் பார்த்தார்.

“இல்ல, அது தப்புன்னு சொன்னீங்கன்னா,” என்று அண்ணி மெல்லத் தொடர்ந்தாள், “‘பூட்டுகள் சரி’ங்கிறதும் தப்பா இருக்கலாமே? அதை வெச்சுத்தானே இவங்களைத் திருடின்னு சொல்றீங்க?”

“வேடிக்கை பண்ணாதீங்கம்மா! கரடி எங்கே?”

அண்ணி குறிப்பேட்டைப் பிரித்துப் படித்தாள். “தச்சுப் பட்டறை ஷீட்டு. எட்டாவது வரிசை: டைரக்டர் அறைத் திரை ஒரே நாளில் பொருத்தப்பட்டது, சரி. ஒன்பதாவது வரிசை: அறைச் சுவர் ஈரம், ஆணி நிற்கவில்லை, பழுது. பத்தாவது வரிசை...” நிறுத்தித் தச்சரைப் பார்த்தாள். “நீங்களே காட்டிடுங்கண்ணே.”

தச்சர் ஏணியைச் சாய்த்து ஏறினார். கம்பிகளைத் தளர்த்தினார். காவலர் ஒருவரும் அவருமாகத் திரையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, கறுப்புத் துணி சரிந்து விழுந்தது.

அந்துருண்டை வாசனையோடு, இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி, சரணடைந்தவனைப் போல நின்றது கரடி.

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: “நேத்திலேர்ந்து இதைத் தேடச் சொல்லி சார் போட்ட உத்தரவெல்லாம் இது முதுகைப் பார்த்துத்தான் போட்டிருக்காரு. இல்ல, முகத்தைப் பார்த்து.”

“ஏன்யா!” டைரக்டரின் குரல் கீச்சிட்டது. “ஆபீசே கரடியைத் தேடுது. நீ வாயைத் திறக்கல?”

“பேசக் கூடாதுன்னு சர்க்குலர் சார்,” என்றார் தச்சர், திரையின் ஒரு முனையைத் தாங்கியபடியே. “அதான் எழுதினேன். ‘தாங்கி செய்ய நேரம் இல்லாததால் தற்காலிகமாகக் கரடி’ன்னு. உள்ள இரும்புக் கம்பி, கீழ கனமான பலகை. பதினெட்டு வருஷமா ஆடாம நிக்குது சார், நம்பி எவ்வளவு கனம் வேணா கொடுக்கலாம். அப்புறம் நேத்து, கரடி திருடு போச்சுன்னாங்க. இது திருடு போகலயே, சார் ரூம்லதானே இருக்கு, அது வேற கரடி போலன்னு நினைச்சேன்.”

வாசலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார். ஸ்டோர் அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி முதல் பக்கத்தில் முதல்முறையாக ஒரு வரி எழுதினாள்.

ஆனால் டைரக்டர் பேனாவை மூடவில்லை. முகம் சிவந்திருந்தது, யார் மேலாவது அந்தக் கோபத்தை இறக்கி வைத்தாக வேண்டும்.

“சரி. பூட்டியிருக்கிற கிடங்குக்குள்ள நீ எப்படிப் போனே?”

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் ஒரு நொடி ஸ்டோர் அக்காவின் பக்கம் போய்த் திரும்பியது. அதைச் சொல்ல வேண்டியவள் தான் அல்ல என்று அண்ணி குறிப்பேட்டை மூடிக்கொண்டாள். அறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று டைரக்டருக்கு மட்டும் தெரியாமல் நடுவில் நின்றது.

ஸ்டோர் அக்கா கண்ணைத் திறந்தார். நேராக நடந்து, ஓரமாக இருந்த உதவியாளரின் மேசைக்குப் போனார். “எந்திரி தம்பி,” என்று அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். தன் ஷீட்டைத் திறந்தார். முதல் வரிசைக்கும் மேலே ஒரு புது வரிசை சேர்த்தார். இரண்டு விரலால், நிதானமாகத் தட்டினார்.

இரண்டு பேர் கையில் தொங்கிய திரையில், வயல் மாதிரிப் பச்சையாக இருந்த அந்தப் பரப்பில், ஒரு கட்டத்தின் உச்சியில் சிவப்பு முளைத்தது. இரண்டாம் கிடங்குப் பூட்டு கெட்டு மூன்று மாதம். பழுது. கீழே ‘பூட்டுகள் அனைத்தும் சரி’ கட்டத்துக்கு வெளியே விழுந்து மறைந்தது.

“மூணு மாசமா?” டைரக்டர் எழுந்தார். “மூணு மாசமா மறைச்சியா?”

“ஆமா சார்,” என்றார் ஸ்டோர் அக்கா. எழுந்து நின்றார். “எழுதியிருந்தேன். உங்களுக்குத் தெரியாத இடத்துல எழுதியிருந்தேன். அது என் தப்புதான்.”

டைரக்டர் கடிதத்தை இழுத்து, ‘திருட்டு’ என்ற சொல்லை அடித்தார். மேலே ‘மறைப்பு’ என்று எழுதப் பேனாவை வைத்தார்.

வாசலில் இருந்த கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. அண்ணிக்கு மனசு விட்டுப்போனது. இவ்வளவுதானா, ஓடிவிட்டார்களா என்று நினைத்தாள். தாழ்வாரம் முழுக்க நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் விசைப்பலகைகளின் தட்டல்.

திரையில் தோட்டத்தின் கட்டத்தில் ஒரு சிவப்பு. பாதுகாப்பில் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. துப்புரவு. கூரை. பாம்புக் குப்பி. தச்சர் கையை எடுக்க முடியாததால், “பட்டறைக்கும் ஒண்ணு போடுங்கம்மா,” என்று கத்தினார், எங்கிருந்தோ கணினி அம்மா, “போட்டாச்சு!” என்றார். மேலே ஒன்று ஏற ஏறக் கீழே பச்சை ஒவ்வொன்றாகக் கட்டத்தை விட்டு விழுந்துகொண்டிருந்தது. சில நிமிடத்தில் தேடினாலும் பச்சை கிடைக்கவில்லை.

“சார்,” என்றாள் நாத்தனார், கடிதத்தை எட்டிப் பார்த்து. “இதுல பேர் எழுத ஒரு கோடுதான் விட்டிருக்கீங்க. பதினாலு பிரிவையும் இதுக்குள்ள எப்படி அடக்கப் போறீங்க?”

டைரக்டர் கடிதத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். தாளை நான்காக மடித்து இழுப்பறையில் போட்டு, அதைத் தள்ளினார். ஸ்டோர் அக்கா அப்போதுதான் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

“இதெல்லாம்...” டைரக்டர் சிவப்பின் முன்னால் போய் நின்றார். குரல் இறங்கியிருந்தது. “இவ்வளவும் எப்போ நடந்தது?”

தச்சர் திரையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்பப்போ ஷீட்டுல போட்டுக்கிட்டுதான் சார் இருந்தோம்.”